பரணில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி வேலைக்கு எடுப்பது எப்படி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அப்போதிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டுவது கூடியிருக்கிறது. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் வேறு. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று எந்த ஊருக்குப் போனாலும் பேட்டரி செத்து, கீபோர்டில் பாதி எழுத்து போய், ஒன்றாவது பரணில் ஏறியிருக்கும். பெட்டி பழசாகிவிட்டாலும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் இன்னும் சுற்றும். அதை எடுத்துத் துடைத்து, புதுக் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் கிடங்காக வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஃபார்மட் அடிப்பது சின்ன வேலை. அந்த டிஸ்க்கை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் இடம் அதிகம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நன்றாகத் தேறினாலும் பழைய டிஸ்க்கில் வைப்பது இரண்டாவது நகலாகத்தான் இருக்க வேண்டும். ஒரே நகலை அதில் வைக்கவே கூடாது.

எந்த டிஸ்க் கையில் இருக்கிறது?

முதலில் சொருகும் இடத்தைப் பாருங்கள். தட்டையாக இரண்டு வாய்கள், ஒன்று சின்னது, ஒன்று அகலம், இரண்டின் ஓரமும் எல் வடிவத்தில் மடங்கியிருந்தால் அது சாட்டா. சின்ன வாய் டேட்டாவுக்கு, அகலமானது கரண்டுக்கு. அதற்குப் பதிலாக ஊசி ஊசியாக இரண்டு வரிசை பின் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ. 2003 வாக்கில் சாட்டா சந்தைக்கு வந்த பிறகு ஐடிஇ மெல்ல ஒதுங்கிவிட்டது. ஐடிஇ டிஸ்க் கிடைத்தால் அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. 40 ஜிபி, 80 ஜிபி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஒரு 128 ஜிபி பென்டிரைவ் அதைவிட அதிகம் கொள்ளும். யுஎஸ்பி மாற்றி ஒன்றை வைத்து உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. டெஸ்க்டாப்பில் இருப்பது 3.5 அங்குலம், லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குலம். வித்தியாசம் உடம்பில் மட்டும் இல்லை. சின்னதுக்கு 5 வோல்ட் போதும், அதனால் யுஎஸ்பி கேபிளே கரண்டும் கொடுத்துவிடும். பெரியதுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதை வெளியே வைத்து ஓட்டத் தனி அடாப்டர் இல்லாமல் முடியாது.

பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஏதாவது கெட்டுப்போய்விட்டது, பிரித்து உள்ளே இருப்பதை எடுக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். சிலவற்றில் உள்ளே சாட்டா வாயே இருக்காது, யுஎஸ்பி வாயைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிரித்தும் பிரயோஜனம் இல்லை.

கடைகளில் கேமரா போட்டவர்களிடம், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் கிடைக்கும். அது சாதாரண வேலைக்கும் ஆகும். ஆனால் இரவு பகல் நிற்காமல் ஓடியது என்பதை மறக்காதீர்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மூன்று ஆண்டு என்றால் 26,000-ஐத் தாண்டிவிடும். பகலில் மட்டும் திறக்கிற ஒரு கடையின் பில் போடும் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை எட்டப் பத்து ஆண்டு ஆகும்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூருவின் கம்ப்யூட்டர் சாமான் சந்தையான எஸ்.பி. ரோடு பக்கம் என்பதால் பழைய டிஸ்க்கை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்கும் வழக்கமும் சந்தையில் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி 2016 என்று இருந்து, ஓடியது 12 மணி நேரம் என்று காட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கழற்றுவது

லேப்டாப் என்றால் ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அடியில் உள்ள சின்ன மூடியைத் திருப்புளியால் திறந்தால் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே தூக்காதீர்கள், சொருகியிருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கிடையாக இழுத்தால் வந்துவிடும். சட்டத்தையும் ஸ்க்ரூவையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், பின்னால் தேட வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பில் கேபினட்டின் இரண்டு பக்க மூடியையும் கழற்றினால்தான் டிஸ்க்கின் இரு பக்க ஸ்க்ரூவும் தெரியும். கை வைப்பதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிடுங்கள். டிஸ்க்கை ஓரங்களில் பிடியுங்கள், அடியில் உள்ள பச்சைப் போர்டில் விரல் பட வேண்டாம். மேல் தகட்டில் பொடி ஓட்டை ஒன்று இருந்து, மூடாதே என்று எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கு வைத்தது அது. சுத்தம் செய்கிறேன் என்று அதில் டேப் ஒட்டிவிடாதீர்கள். மேல் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றவே கூடாது. உள்ளே சுற்றும் வட்டுக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு தூசிகூட நுழையாது. திறந்தால் அத்தோடு முடிந்தது.

இணைப்பதற்கு என்ன வழி

2.5 அங்குல டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாயில் யுஎஸ்பி கேசிங் கிடைக்கும். வாங்கும்போது யுஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்குங்கள். பழைய 2.0-வில் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் போகாது. டிஸ்க்கோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடக்கூடியது. லேப்டாப்பிலும் நீல வாயில் சொருகுங்கள். சொருகியதும் டிக் டிக் என்று முனகி நின்று நின்று ஓடினால் உடனே டிஸ்க் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம், கரண்டு போதாமல்கூட அப்படி ஆகும். கேபிளை மாற்றி, வேறு வாயில் சொருகிப் பாருங்கள்.

3.5 அங்குலம் என்றால் டெஸ்க்டாப் கேபினட்டுக்குள்ளேயே வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மதர்போர்டில் காலியான சாட்டா வாய் ஒன்றும், கேபினட்டுக்குள் கரண்டு கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொங்கும் சாட்டா கரண்டு வயர் ஒன்றும் இருந்தால் போதும். அந்த வயர் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் நான்கு பின் வாயைச் சாட்டாவாக மாற்றும் குட்டி வயரைக் கடைக்காரர் நீட்டுவார். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வயர்கள் உள்ளே ஷார்ட் ஆகிப் பற்றிக்கொண்டதுண்டு. அதை நம்பி டிஸ்க்கைக் கொடுப்பதற்கு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாம். கேபினட் இல்லாதவர்கள் 12 வோல்ட் அடாப்டரோடு வரும், டிஸ்க்கைச் சொருகி யுஎஸ்பியில் இணைக்கும் டாக் வாங்கிக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் டிவிடி டிரைவ் சும்மா இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கை வைக்க கேடி என்று ஒரு சட்டம் கிடைக்கும். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு கனத்தில் வரும். உங்கள் டிவிடி டிரைவை ஸ்கேலால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

உள்ளே வைத்து முதன்முதலாக ஆன் செய்யும்போது ஒரு வேடிக்கை நடக்கலாம். பழைய டிஸ்க்கில் பழைய விண்டோஸ் இன்னும் இருக்கும், கம்ப்யூட்டர் அதிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கும். விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் போய் புது டிஸ்க்கை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

உள்ளே இருப்பதை முதலில் எடுங்கள்

இணைத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் நல்லது. கடக், கடக் என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தெரியாமலே இருந்தால் உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். வேண்டியது ஏதாவது அதில் இருந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் கேட்கிறதா? கேன்சல் கொடுங்கள். டிவிஆரிலோ லினக்ஸிலோ எழுதிய டிஸ்க்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. காலி என்று நினைத்துக்கொள்ளும். டிஸ்க் பூட்டுப் படத்தோடு தெரிந்தால் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும், அந்த லேப்டாப்பில் போட்டிருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள்.

நகலெடுக்கும்போது எல்லோரும் டி டிரைவ், இ டிரைவ் என்று பார்த்துவிட்டு சி டிரைவை மறந்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல்கள், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டினியூ கொடுத்துக் கொஞ்சம் காத்திருங்கள். மண்டிக் கடை, உரக்கடை வைத்திருப்பவர்கள் டேலியின் டேட்டா ஃபோல்டரைத் தேடி எடுங்கள். அது எந்த டிரைவில் இருக்கிறது என்பது டேலி போட்டுக் கொடுத்தவர் மனசைப் பொறுத்தது.

தமிழில் டைப் செய்து பிழைப்பவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டியது ஃபாண்ட். யூனிகோடு பரவுவதற்கு முன் டிடிபி சென்டர்களில் அடித்த பத்திரிகை, நோட்டீஸ், பத்திர நகல் எல்லாம் பாமினி, வானவில் மாதிரியான ஃபாண்டுகளில் இருக்கும். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து அடித்த மாதிரி தெரியும். ஃபைலை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டால் அப்புறம் ஃபாண்டுக்கு ஊரெல்லாம் அலைய வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருக்கிறது பாருங்கள், அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு எம்பிதான் பிடிக்கும்.

நகலெடுத்த பிறகு பத்துப் பதினைந்து ஃபைலையாவது புது இடத்தில் திறந்து பாருங்கள். போட்டோவின் சின்னப் படம் தெரிவதும் போட்டோ முழுதாகத் திறப்பதும் ஒன்றல்ல.

உடல்நிலை பார்ப்பது

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் இருக்கிறது. சில மலிவுக் கேசிங்குகள் இந்தக் குறிப்பை வெளியே விடாது. அப்படியானால் டிஸ்க்கை நேராக டெஸ்க்டாப்பின் சாட்டா வாயில் சொருகிப் பாருங்கள்.

திறந்ததும் மேலே ஒரு வண்ணக் கட்டம். நீலம் நன்று, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், விஷயம் கீழே உள்ள பட்டியலில்தான் இருக்கிறது. அங்கே எண்கள் பதினாறை அடிப்படையாகக் கொண்ட முறையில் காட்டும். ஏ8 என்று இருந்தால் அது 168. மெனுவில் ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 டெக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழகிய எண்ணாக மாறிவிடும். மாற்றிவிட்டு அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இது கண்டிப்பாக வேண்டும்.

பட்டியலில் இருபது வரிகூட இருக்கும். பார்க்க வேண்டியவை ஐந்து.

09 என்பது ஓடிய மணி நேரம். இதை வைத்து வயதை ஊகிக்கலாமே தவிர டிஸ்க்கை நிராகரிக்க இது மட்டும் போதாது.

சி7 என்பது கேபிள் வழியாக வந்த தகவலில் ஏற்பட்ட பிழைகள். இது அதிகமாக இருந்தால் பழி பெரும்பாலும் கேபிளின் மேல். கேபிளை மாற்றிய பிறகு எண் ஏறாமல் நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய எண் அழியாது, அப்படியே நிற்கும்.

மிச்சம் மூன்றுதான் முக்கியம்: 05, சி5, சி6. இவை எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துவிட்டால் எந்த டிஸ்க்கையும் நீங்களே எடைபோடலாம். டிஸ்க்கின் பரப்பு செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செக்டரைப் படிக்கப் போய் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே அதைக் கைவிடுவதில்லை. சந்தேகப் பட்டியலில் சேர்த்து வைக்கும். அந்தப் பட்டியலின் நீளம்தான் சி5. அடுத்த முறை அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுத வரும்போது எழுதிப் பார்க்கும். எழுத்து நின்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். நிற்கவில்லை என்றால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, கம்பெனியில் தயாரிக்கும்போதே மிச்சம் வைத்த உபரி இடத்திலிருந்து ஒரு செக்டரை அதற்குப் பதிலாகக் கொடுத்துவிடும். அப்படி மாற்றிக் கொடுத்ததன் கணக்குதான் 05. சி6 என்பது டிஸ்க் சும்மா இருக்கும் நேரத்தில் தானாகப் பரிசோதித்துப் பார்த்து, தேற்ற முடியாது என்று கண்டவை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. சி5-இல் எண் இருப்பதாலேயே டிஸ்க் செத்துவிட்டது என்று ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அந்த இடம் அரைகுறையாக நின்று, அதுவும் இந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்களில் இது சகஜம். உண்மை நிலவரம் டிஸ்க் முழுவதும் ஒரு முறை எழுதிப் பார்த்தால்தான் வெளிவரும்.

துடைத்து, எழுதிப் பார்ப்பது

இனி செய்வதைத் திரும்பப் பெற முடியாது. வேறு பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எது சொருகியிருந்தாலும் முதலில் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகக் காட்டும். எது பழசு என்பதை அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். 500 ஜிபி என்று லேபிளில் இருப்பது இங்கே 465 என்றும், 1 டிபி என்பது 931 ஜிபி என்றும் தெரியும். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்து குழப்பினால், யுஎஸ்பியில் இருப்பதைப் பிடுங்கி எது மறைகிறது என்று பாருங்கள்.

டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பழைய பார்ட்டிஷன்கள் மேல் ரைட் கிளிக் செய்து டெலீட் வால்யூம் கொடுங்கள். ரெகவரி, இஎஃப்ஐ என்று இருக்கும் சின்னப் பகுதிகள் இதற்கு மசியாது. அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கருவி வேண்டும். அட்மினாகத் திறந்த கமாண்ட் திரையில் டிஸ்க்பார்ட் என்று அடித்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்து எண்ணைப் பார்த்து, செலக்ட் டிஸ்க் என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்து, கடைசியில் கிளீன். கிளீன் அடிக்கும் முன் லிஸ்ட் டிஸ்க்கை இன்னொரு முறை கொடுத்து, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். உங்களிடம் ‘நிச்சயமா?’ என்று அது கேட்காது.

பிறகு இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். பார்ட்டிஷன் பட்டியலை எழுதிவைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வழி. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடிதான், எம்பிஆருக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. இன்றைய விண்டோஸில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சின்ன டிஸ்க்குக்கும் ஜிபிடியே கொடுங்கள். பழைய டிவியிலும் சொருகுவதாக இருந்தால் எம்பிஆர்.

நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகும்போது குயிக் ஃபார்மட் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு டிக்கில்தான் எல்லாம் இருக்கிறது. குயிக் என்றால் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் புதிதாக்கிவிட்டுச் சில நொடியில் முடித்துவிடும். பழைய ஃபைல்கள் அடியில் அப்படியே கிடக்கும். டிக்கை எடுத்தால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்தப் பக்கம் உள்ள எல்லா விண்டோஸும் டிஸ்க்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பூஜ்யத்தை எழுதும். பழைய டேட்டாவும் அழிந்துவிடும், நமக்கு வேண்டிய பரிசோதனையும் நடந்துவிடும். ஏழு முறை அழிக்க வேண்டும், முப்பத்தைந்து முறை அழிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரு முறை போதும்.

நேரம் பிடிக்கும். நொடிக்கு 80 எம்பி வேகத்தில் 500 ஜிபி எழுத ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அதையே யுஎஸ்பி 2.0-வில் செய்தால் நாலரை மணி நேரத்துக்கும் மேல். கரண்டு போகாத நேரமாகப் பார்த்து, லேப்டாப் என்றால் ஸ்லீப்புக்குப் போகாதபடி செய்துவிட்டு, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை மறுபடி திறந்து, மொபைலில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். சி5 பூஜ்யமாகி 05 அசையாமல் இருந்தால் அது கரண்டு போனதால் வந்த தழும்புதான், நல்ல டிஸ்க். 05-இல் முன்பே 8 என்று இருந்து இப்போதும் 8 என்றால் பழைய காயம் ஆறிவிட்டது; சினிமா, பாட்டு என்று போனால் போகட்டும் வகைச் சாமான்களை வைக்கலாம். 8 என்பது 40 ஆகி, இன்னொரு முறை எழுதிப் பார்க்கும்போது 96 ஆனால் பரப்பு உதிர ஆரம்பித்துவிட்டது. அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் பிரித்து, கெட்ட பகுதியை விட்டுவிட்டு நல்ல பகுதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டது ஓர் இடத்தில் நிற்பதில்லை.

பூஜ்யம் எழுதியது சரி, எழுதியது திரும்பப் படிக்க வருகிறதா என்று பார்க்க எச்டி டியூன் என்ற மென்பொருளில் எரர் ஸ்கேன் ஓடவிடுங்கள். கட்டம் கட்டமாகப் பச்சை நிரம்பிக்கொண்டு போகும். சிவப்பு ஒன்று வந்தாலும் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூஜ்யம், எல்லாம் பச்சை என்றால் கவலையே வேண்டாமா? கூகுள் தன் ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த முக்கிய எண்களில் ஒன்றுகூடக் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆய்வில், பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. அதாவது கெட்ட செய்தியைத் தாராளமாக நம்பலாம், நல்ல செய்தியை அரை மனதோடுதான் நம்ப வேண்டும். ஒரே நகலை வைக்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

எந்த ஃபார்மட், என்ன பெயர்

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக், லினக்ஸ், விண்டோஸ் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் சொருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கல்யாண வீடியோ ஒன்றே அதை மீறிவிடும். டிவியில் சொருகும்போது ரெக்கார்டிங்குக்காக ஃபார்மட் செய்யவா என்று டிவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் யாராவது ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓகே கொடுத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டிரைவ் எழுத்தை விண்டோஸ் கொடுப்பதை விட்டுவிட்டு ஆர், எஸ் என்று பின்னால் வரும் ஒன்றை நீங்களே கொடுங்கள். இடையில் பென்டிரைவ் சொருகினாலும் எழுத்து மாறாது. டிஸ்க்கின் மேல் ஒரு தாளை ஒட்டி, சோதித்த மாதமும் 05, சி5 எண்களும் எழுதிவிடுங்கள். அந்தப் பொடி ஓட்டையை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள்.

எதை வைக்கலாம்

சினிமா, பாட்டு, மென்பொருள் இன்ஸ்டாலர்கள், பசங்களின் பழைய ப்ராஜெக்ட், ஏற்கெனவே வேறு இடத்தில் இருக்கும் குடும்பப் போட்டோக்களின் இரண்டாவது நகல், கணக்கு முடிந்துபோன ஆண்டுகளின் டேலி பேக்கப். இவற்றுக்கு இந்த டிஸ்க் தாராளம். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணங்களை இதில் தள்ளலாம். கைக்கு இன்னும் பணம் வராத கல்யாணத்தைத் தள்ள வேண்டாம். விண்டோஸை இதில் போடுவது, கேம் போட்டு ஓட்டுவது, வீடியோ எடிட்டிங்கை நேராக இதிலிருந்தே செய்வது எதுவும் ஒத்துவராது. சுற்றும் வட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டிக்குப் பழகிய கை இதில் பொறுமை இழந்துவிடும்.

பட்டா, பத்திரம், மார்க் ஷீட் ஸ்கேன்களுக்கு மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது. அப்பா அம்மா பாலக்கோட்டில், மகன் ஓசூரில் என்றால் ஆளுக்கொரு டிஸ்க். அவற்றை பிட்லாக்கரிலோ வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளிலோ பூட்டி வைத்து, பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

வெயில், கரண்டு, பஸ்

ஏப்ரல், மே மாதங்களில் தகர ஷீட் போட்ட கடைக்குள் டிஸ்க்கின் சூட்டைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள். 35 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 50-ஐத் தாண்டினால் ஃபேன் காற்று படும் இடத்துக்கு நகர்த்துங்கள். 60 என்பது பெரும்பாலான டிஸ்க்குகளுக்குக் கம்பெனி சொல்லும் எல்லை. கேசிங்கை மெத்தை மேலோ துணி மேலோ வைத்து ஓட்டாதீர்கள், சூடு வெளியே போகாது.

டாக்கில் ஓடும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு யுபிஎஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடித் துடிப்புகூட எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு ஆகாது. லேப்டாப்பின் யுஎஸ்பியில் ஓடும் சின்ன டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை, லேப்டாப் பேட்டரி தாங்கிக்கொள்ளும்.

எஜெக்ட் கொடுத்து, சுற்றுவது நிற்கும் வரை பத்து நொடி பொறுத்து, அப்புறம் கையில் எடுங்கள். ஓடுகிற டிஸ்க் மேஜையிலிருந்து ஒரு சாண் உயரம் விழுந்தாலே போதும். நின்ற டிஸ்க் அதைவிட நிறையவே தாங்கும். ஆனாலும் ஓசூருக்கோ சேலத்துக்கோ பஸ்ஸில் கொண்டுபோகும்போது பஞ்சு உறையில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். தொப்பூர் கணவாயில் டிரைவர் பிரேக் அடித்தால் மேலே வைத்த பை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பீரோவில் வைத்தே மறந்துவிடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொருகி, சுற்றவிட்டு, அந்த ஐந்து எண்களைப் பாருங்கள். ஒட்டிய தாளில் இருப்பதைவிட 05-உம் சி5-உம் கூடியிருந்தால் உள்ளே இருப்பதை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் விண்டோஸின் பிழை தேடும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிச் சரிசெய்யலாம் என்று உட்காராதீர்கள்; அது டிஸ்க் முழுவதையும் குடைந்து, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடும். முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு.

தேறாததை என்ன செய்வது

அப்படியே பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் முழு ஃபார்மட் ஒன்று அடித்துவிட்டுக் கொடுங்கள். ஓடவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் டேட்டாவும் அழியாமல்தான் இருக்கிறது. வட்டைப் பாழாக்கினால்தான் நிம்மதி. டெஸ்க்டாப் டிஸ்க்கின் வட்டு பெரும்பாலும் அலுமினியம், டிரில் போட்டு இரண்டு மூன்று ஓட்டை இட்டால் முடிந்தது. லேப்டாப் டிஸ்க்கின் வட்டு பல நேரம் கண்ணாடி. சுத்தியால் ஒன்று வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சாக்குக்குள் போட்டுக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிரித்துப் பார்க்கிற ஆசை இருந்தால் உள்ளே இரண்டு காந்தங்கள் கிடைக்கும். ரொம்ப வலுவானவை, விரலை நசுக்கிவிடும். குழந்தை கைக்குப் போகக்கூடாது.

போர்டை எரித்துத் தாமிரம் எடுக்கிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அந்தப் புகை விஷம். மின்கழிவுக்கென்று 2022-இல் தனி விதிகள் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். ஒன்றிரண்டு டிஸ்க்குக்காக அலைய முடியாது என்றால் பழைய சார்ஜர், செத்த மொபைல் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்து, பெட்டி நிறைந்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பேட்டரிகளை மட்டும் அந்தப் பெட்டியில் போடாமல் தனியாக வையுங்கள்.